செக்யூரிட்டிஎஃப்எஸ் பராமரிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸ் கெர்னலின் பாதுகாப்பு மாட்யூல்கள், அதாவது எல்எஸ்எம்கள், பயனர்வெளியோடு (சாதாரண நிரல்கள் ஓடும் பகுதியோடு) பேசுவதற்கென்றே உள்ள மெய்நிகர் கோப்பமைப்பு செக்யூரிட்டிஎஃப்எஸ். அதில் கோப்பு சேர்க்கப் போகிறவர்கள், ஏற்கெனவே உள்ள குறிமுறையைப் பராமரிப்பவர்கள், "அந்தக் கோப்பு ஏன் என் கணினியில் இல்லை" என்று தேடும் நிர்வாகிகள் ஆகியோருக்கான பதில்கள் இவை.

இது எப்போது, எதற்காக வந்தது?

2005-இல், 2.6.14 கெர்னலில். எழுதியவர் கிரெக் குரோவா-ஹார்ட்மன். அதற்கு முன் ஒவ்வொரு பாதுகாப்பு மாட்யூலும் தனக்கென ஒரு குட்டிக் கோப்பமைப்பை எழுதிக்கொண்டு, வேர் டைரக்டரியில் தனக்கென ஓர் இடத்தையும் பிடித்துக்கொள்ளும் நிலை இருந்தது. எல்லாருக்கும் பொதுவாக ஒன்று இருந்தால் போதும் என்பதுதான் யோசனை. மூலக்குறிமுறையில் செக்யூரிட்டி டைரக்டரியின் கீழ் உள்ள இனோட்.சி என்ற ஒரே கோப்பில் முழுவதும் அடங்கிவிடுகிறது. சில நூறு வரிகள்தான். ஒரே அமர்வில் படித்து முடித்துவிடலாம். படித்துவிட்டுத்தான் அதில் கை வைக்க வேண்டும்.

சிஸ்எஃப்எஸ், டீபக்எஃப்எஸ் இருக்கும்போது தனியாக இன்னொன்று ஏன்?

சிஸ்எஃப்எஸ், சாதனங்களையும் கெர்னல் அமைப்புகளையும் காட்டும் மெய்நிகர் கோப்பமைப்பு. அதில் ஒரு கோப்புக்கு ஒரு மதிப்பு என்பது விதி. ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட ஒரு கொள்கையையோ அளவீட்டுப் பட்டியலையோ அங்கே வைக்க முடியாது. டீபக்எஃப்எஸ் பிழைதேடலுக்கு உரியது. அதில் உள்ளவை நிலையாக இருக்கும் என்று யாரும் உறுதி தருவதில்லை, பல இடங்களில் அது மவுன்ட் செய்யப்படுவதும் (டைரக்டரி மரத்தில் பொருத்தப்படுவதும்) இல்லை. லாக்டவுன் (ரூட் பயனரையும் கெர்னலை மாற்ற விடாத மாட்யூல்) இயங்கும் கணினியில் அதன் கோப்புகளைத் திறக்கவே மறுப்பு வரலாம். பாதுகாப்புக் கொள்கையை அப்படிப்பட்ட இடத்தை நம்பி வைக்க முடியாது.

எல்லா எல்எஸ்எம்களும் இதைப் பயன்படுத்துகின்றனவா?

இல்லை. ஆப்ஆர்மர், டோமோயோ, ஐஎம்ஏ (கோப்புகளை அளந்து பதிவு செய்வது), ஈவிஎம் (கோப்புகளின் பாதுகாப்புப் பண்புகள் மாறவில்லை என்று சரிபார்ப்பது), லாக்டவுன், சேஃப்செட்ஐடி, லோட்பின் ஆகியவை இங்கே உள்ளன. எஸ்இலினக்ஸும் ஸ்மேக்கும் தங்கள் சொந்தக் கோப்பமைப்புகளையே வைத்திருக்கின்றன. அவை /சிஸ்/எஃப்எஸ் என்பதன் கீழ் மவுன்ட் ஆகும். யாமாவுக்கு சிஸ்கண்ட்ரோல் போதும். லேண்ட்லாக்கின் இடைமுகம் சிஸ்டம் கால்கள்தான். மறுபக்கம், எல்எஸ்எம் அல்லாதவையும் இங்கே குடியிருக்கின்றன: டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லின் ஓட்டி தன் துவக்க நிகழ்வுப் பதிவை டிபிஎம்0 என்ற டைரக்டரியில் வைக்கிறது, ரகசியக் கணிமைக்கான ஈஎஃப்ஐ-சீக்ரெட் ஓட்டியும் தன் ரகசியங்களை இங்கேதான் காட்டுகிறது. இந்த இரண்டும் மாட்யூலாக ஏற்றி இறக்கக்கூடியவை என்பதை நினைவில் வையுங்கள். எல்எஸ்எம்கள் 2.6.24-இலிருந்து கெர்னலோடு சேர்த்தே கட்டப்படுகின்றன, இடையில் இறங்குவதில்லை. நீக்கம் தொடர்பான சிக்கல்கள் பெரும்பாலும் இந்த வாடகைதாரர்களிடமிருந்து வருவதற்கு அதுவே காரணம்.

/சிஸ்/கெர்னல்/செக்யூரிட்டி காலியாக இருக்கிறது. என்ன கோளாறு?

டைரக்டரியே இல்லையென்றால், கெர்னல் அமைப்பில் செக்யூரிட்டிஎஃப்எஸ் தேர்வு செய்யப்படவில்லை. டைரக்டரி இருந்து காலியாகக் கிடந்தால், கெர்னலில் ஆதரவு இருக்கிறது, மவுன்ட் மட்டும் ஆகவில்லை. அந்த மவுன்ட் புள்ளியை உருவாக்குவதே செக்யூரிட்டிஎஃப்எஸ்தான். /ப்ராக்/ஃபைல்சிஸ்டம்ஸ் கோப்பில் அதன் பெயர் இருக்கிறதா என்று பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். சிஸ்டம்டி உள்ள கணினிகளில் துவக்கத்தின் ஆரம்பத்திலேயே அது தானாக மவுன்ட் ஆகிவிடும். சிறிய இனிட்ராம்எஃப்எஸ் அல்லது வேறு இனிட் நிரல் என்றால், மவுன்ட் கட்டளைக்கு வகையையும் இடத்தையும் நீங்களே கொடுக்க வேண்டும்.

பயனர்வெளிக் கருவி எழுதுகிறவர்கள் டைரக்டரி இருக்கிறதா என்று மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. ஸ்டேட்எஃப்எஸ் அழைத்து, கோப்பமைப்பின் வகையை அடையாளம் காட்டும் மேஜிக் எண் பதினாறடிமானத்தில் 73636673 என்று வருகிறதா பாருங்கள்.

அன்மவுன்ட் செய்தால் கோப்புகள் அழிந்துவிடுமா?

அழியாது. கோப்பு உருவாகும்போது கெர்னல் தனக்குள்ளேயே ஒரு மவுன்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நீங்கள் மவுன்ட் செய்வது அந்த ஒரே மரத்தைப் பார்க்க ஒரு வழி திறப்பது மட்டுமே. மறுபடி மவுன்ட் செய்தால் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

எல்எஸ்எம் என்ற கோப்பைப் படித்தால் ஷெல் குறி அதோடு ஒட்டிக்கொண்டு வருகிறதே?

4.11 கெர்னலில் வந்த அந்தக் கோப்பு, செயலில் உள்ள எல்எஸ்எம்களின் பெயர்களைக் காற்புள்ளி இட்டுத் தருகிறது. கடைசியில் புதுவரி எழுத்து கிடையாது. இதைச் "சரிசெய்து" பேட்ச் (குறிமுறை மாற்றம்) அனுப்ப வேண்டாம்: அந்தச் சரத்தை அப்படியே காற்புள்ளியில் உடைத்துப் பயன்படுத்தும் நிரல்கள் உள்ளன, கடைசிப் பெயரோடு புதுவரி சேர்ந்தால் அவற்றின் ஒப்பீடு தவறும். புதிய நிரல்களுக்கு 6.8-இல் வந்த எல்எஸ்எம்_லிஸ்ட்_மாட்யூல்ஸ் என்ற சிஸ்டம் கால் இன்னும் தெளிவானது. அது பெயர்களுக்குப் பதிலாக எண் அடையாளங்களைத் தரும், மவுன்டும் தேவையில்லை.

புதிய கோப்பு சேர்க்க என்னென்ன செய்ய வேண்டும்?

முதலில் செக்யூரிட்டிஎஃப்எஸ்_கிரியேட்_டிர் மூலம் உங்கள் மாட்யூலின் பெயரில் ஒரு டைரக்டரி. பெற்றோர் இடத்தில் நல் (எதையும் சுட்டாத சுட்டி) கொடுத்தால் அது வேரில் உருவாகும். பிறகு செக்யூரிட்டிஎஃப்எஸ்_கிரியேட்_ஃபைல்: பெயர், அனுமதி எண், பெற்றோர் டென்ட்ரி (டைரக்டரி மரத்தில் ஒரு பெயரைக் குறிக்கும் கெர்னல் பொருள்), உங்கள் தரவுச் சுட்டி, கோப்புச் செயல்களின் அட்டவணை என ஐந்து அளவுருக்கள். தரவுச் சுட்டி இனோடின் (கோப்பையே குறிக்கும் கெர்னல் பொருளின்) ஐ_பிரைவேட் புலத்தில் போய் உட்காரும். திறப்புச் செயலில் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். மாட்யூலிலிருந்து செய்கிறீர்கள் என்றால் செயல் அட்டவணையில் ஓனர் புலத்தை நிரப்ப மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால், கோப்பு திறந்திருக்கும்போதே மாட்யூல் இறங்கிவிடும். அடுத்த படிப்பு, இல்லாத குறிமுறைக்குத் தாவும்.

அதே பெயர் ஏற்கெனவே இருந்தால் பிழை எண் 17 கிடைக்கும்.

தோல்வி நேர்ந்தால் திரும்பி வருவது நல் தானே?

இல்லை, பிழை எண்ணைத் தாங்கிவரும் பிழைச் சுட்டி. நல்லுக்கு எதிராக மட்டும் சோதிக்கும் குறிமுறை, தோல்வியை வெற்றி என்று எடுத்துக்கொண்டு, அந்தப் பிழைச் சுட்டியையே அடுத்த கோப்புக்குப் பெற்றோராகக் கொடுக்கும். கெர்னல் அங்கே விழும். இஸ்_எர்ர் கொண்டு சோதியுங்கள். செக்யூரிட்டிஎஃப்எஸ் இல்லாமல் கட்டிய கெர்னலில் அந்தச் செயல்களின் இடத்தில் நிற்கும் வெற்றுச் செயல்கள் பிழை எண் 19-ஐத் தரும். கோப்பு இல்லாமலும் உங்கள் மாட்யூல் இயங்க முடியுமென்றால் அதைத் தோல்வியாகக் கருதாமல் கடந்து போகலாம்.

நீக்கும் செயல் நல்லையும் பிழைச் சுட்டியையும் பேசாமல் விட்டுவிடும். ஆகவே பின்வாங்கும் பாதையில் "இது உருவானதா, அது உருவானதா" என்று வரிசையாகச் சோதிக்கத் தேவையில்லை.

எந்தக் கட்டத்தில் உருவாக்க வேண்டும்? எல்எஸ்எம் தொடங்கும்போதே செய்தால் என்ன?

முடியாது. எல்எஸ்எம் தொடக்கச் செயல்கள் ஸ்டார்ட்_கெர்னலுக்குள்ளேயே, இனிட்கால்கள் (துவக்கத்தில் நிலைவாரியாக ஓடும் செயல்கள்) எதுவும் ஓடும் முன்பே நடந்துவிடுகின்றன. செக்யூரிட்டிஎஃப்எஸ் பதிவாவதோ கோர் எனப்படும் 1-ஆம் நிலை இனிட்காலில். (அண்மைக் கெர்னல்களில் எல்எஸ்எம் சட்டகமே இந்த இனிட்கால்களை வரிசைப்படுத்தத் தொடங்கியுள்ளது, உங்கள் கிளையில் எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.) எனவே கொக்கிகளை (கெர்னல் அழைக்கும் பாதுகாப்புச் சோதனைகளை) ஓரிடத்திலும் கோப்புகளை வேறிடத்திலுமாகப் பிரித்து எழுத வேண்டும். ஆப்ஆர்மரும் டோமோயோவும் 5-ஆம் நிலையான எஃப்எஸ் இனிட்காலைப் பயன்படுத்தி வந்துள்ளன. பெரும்பாலோருக்கு அதுவே போதும்.

லாக்டவுனும் கோர் நிலையிலேயே தன் கோப்பை உருவாக்கிவந்தது. ஒரே நிலையில் இரண்டும் இருக்க, எது முந்துகிறது என்பதைத் தீர்மானிப்பது லிங்கர் கோப்புகளை இணைக்கும் வரிசை மட்டும்: மேக்ஃபைலில் இனோட்.ஓ முன்னால் இருக்கிறது. இப்படிப்பட்ட சார்பு கண்ணுக்குத் தெரியாதது. மேக்ஃபைலை அகர வரிசையில் அடுக்கலாம் என்று யாராவது நினைத்தால் போதும், உடைந்துவிடும். ஐஎம்ஏ 7-ஆம் நிலைவரை காத்திருப்பதற்குக் காரணம் டிபிஎம் சில்லு. சில்லின் ஓட்டியை மாட்யூலாகக் கட்டியிருந்தால் அதுவும் போதாது. ஐஎம்ஏ சில்லைக் காணாமல் டிபிஎம்-பைபாஸ் முறையில் தொடங்கிவிடும்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். துவக்க அளவுருவில் உங்கள் எல்எஸ்எம் அணைக்கப்பட்டிருந்தாலும் இனிட்கால் ஓடும். மாட்யூல் உண்மையில் இயங்குகிறதா என்று முதல் வரியில் சோதித்து, இல்லையென்றால் திரும்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் இயங்காத மாட்யூலுக்குக் கோப்புகள் தோன்றும். நிர்வாகி கொள்கையை எழுதிவிட்டுப் பாதுகாப்பு இருப்பதாக நம்பிக்கொண்டிருப்பார்.

டைரக்டரியை நீக்கினேன், ஆனால் அது இன்னும் இருக்கிறதே?

பழைய கெர்னல் என்றால் உள்ளே ஏதோ கோப்பு மிச்சம் இருக்கிறது. நீண்டகாலம் செக்யூரிட்டிஎஃப்எஸ்_ரிமூவ் ஒரே ஓர் உருப்படியை மட்டுமே நீக்கியது. காலியாக இல்லாத டைரக்டரியைக் கொடுத்தால் உள்ளே நடக்கும் ஆர்எம்டிர் தோல்வியடையும். ஆனால் அந்த விடையை யாரும் பார்ப்பதில்லை, நீக்கும் செயலும் எதையும் திருப்பித் தருவதில்லை. அதைவிட மோசம், நீக்கம் தோற்றாலும் டென்ட்ரியின் குறிப்பு எண்ணிக்கை (எத்தனை பேர் அதைப் பிடித்திருக்கிறார்கள் என்ற கணக்கு) ஒன்று குறைக்கப்பட்டுவிடும். மரத்தில் டைரக்டரி இருக்கும், அதைப் பிடித்திருக்க வேண்டிய எண்ணிக்கை இருக்காது. விளைவு அந்த நொடியில் தெரியாது; பிறகு எங்கோ தொடர்பில்லாத இடத்தில் கெர்னல் அலறும்.

அதனால் பழைய கிளைகளில் உருவாக்கியதற்கு நேர் எதிர் வரிசையில், கோப்புகளை முதலிலும் டைரக்டரியைக் கடைசியிலுமாக நீக்க வேண்டும். 2025-இல் அல் விரோ செய்த சீரமைப்புக்குப் பிறகு அதே செயல் துணைமரம் முழுவதையும் எடுத்துவிடுகிறது, எண்ணிக்கை பிடிக்கும் முறையும் எளிதாகிவிட்டது. பேட்ச்களைப் பழைய நிலைக் கிளைகளுக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு இங்கேதான் ஆபத்து: புதிய கெர்னலில் ஒரே வரியாக இருக்கும் நீக்கம், பழையதில் பிழையின்றித் தொகுக்கப்பட்டு, ஓடும்போது மேலே சொன்ன சேதத்தைச் செய்யும். தொகுப்பான் எச்சரிக்காது.

கோப்பை யாரோ திறந்து வைத்திருக்கும்போது நீக்கினால்?

பெயர் மறையும், திறந்த கைப்பிடி மறையாது. டீபக்எஃப்எஸ் ஒவ்வொரு செயலையும் தன் உறையால் சுற்றி, நீக்கத்தின்போது நடப்பிலுள்ள செயல்கள் முடியக் காத்திருக்கும். செக்யூரிட்டிஎஃப்எஸ்ஸில் அந்த உறை இல்லை. உங்கள் செயல் அட்டவணை நேரடியாக இனோடில் இருக்கிறது. ஆகவே ஐ_பிரைவேட் சுட்டும் பொருள் எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும் என்பது முழுக்க உங்கள் பொறுப்பு.

டிபிஎம் ஓட்டி இதைக் கையாளும் விதம் பின்பற்றத் தக்கது. திறப்புச் செயலில் இனோட் பூட்டைப் பிடித்துக்கொண்டு, கோப்பு இன்னும் நீக்கப்படாமல்தான் இருக்கிறதா என்று பார்க்கிறது. நீக்கப்பட்டிருந்தால் பிழை எண் 19. இருந்தால், பூட்டை விடுவதற்கு முன்பே சாதனத்தின் குறிப்பு எண்ணிக்கையை ஒன்று கூட்டிக்கொள்கிறது, மூடும்போது குறைக்கிறது. சோதனைக்கும் எண்ணிக்கை கூட்டலுக்கும் நடுவே பூட்டை விட்டால் இத்தனையும் வீண்.

பூட்டு வரிசையிலும் கவனம் தேவை. நீக்கும் செயல் பெற்றோரின் இனோட் பூட்டைப் பிடிக்கும், புதிய கெர்னல்களில் நீக்கப்படும் இனோடின் பூட்டையும் பிடிக்கும். உங்கள் மாட்யூலின் மியூடெக்ஸைப் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் பூட்டை) பிடித்தபடி நீக்கத்தைக் கூப்பிட்டு, திறப்புச் செயலில் இனோட் பூட்டுக்குள் அதே மியூடெக்ஸைக் கேட்டால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்பார்த்து நின்றுவிடும்.

குறியிணைப்புகளில் தனியாகக் கவனிக்க ஏதாவது உண்டா?

இலக்குச் சரத்தை செக்யூரிட்டிஎஃப்எஸ் நகலெடுத்துக்கொள்ளும். உங்கள் பஃபரை உடனே விடுவிக்கலாம். அந்த நகலை எப்போது விடுவிப்பது என்பதில் ஒரு பழைய ஓட்டை இருந்தது. பாதைத் தேடல் ஆர்சியூ முறையில் பூட்டில்லாமல் சரத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே, இனோட் வெளியேற்றத்தில் அது விடுவிக்கப்பட்டது. 2019-இல் விடுவிப்பை ஆர்சியூ இடைவெளிக்குப் பிறகு நடக்கும்படி தள்ளி அதை அடைத்தார்கள். மரத்துக்கு வெளியே தனிக் கோப்பமைப்பு வைத்திருக்கும் திட்டங்கள், பழைய இனோட்.சியை நகலெடுத்திருந்தால், இந்த ஓட்டையும் கூடவே வந்திருக்கும். பாருங்கள்.

அனுமதி 0600 என்று வைத்தால் போதாதா?

போதாது. அனுமதி எண் சோதிக்கப்படுவது திறக்கும்போது மட்டும். எழுதும் செயலுக்குள் தனியாகத் திறன் (ரூட்டின் அதிகாரத்தில் பிரித்தெடுத்த ஒரு பங்கு) சோதனை வேண்டும். கொள்கையை மாற்றும் கோப்புக்கு அது மேக்_அட்மின் திறன். எந்தச் செயலால் சோதிக்கிறீர்கள் என்பதும் முக்கியம். கேபபிள் என்பது இந்த நொடியில் எழுதிக்கொண்டிருக்கும் செயல்முறையைப் பார்க்கும். அனுமதி எண் தளர்வாக இருந்து, சாதாரணப் பயனர் ஒருவர் கோப்பைத் திறந்து, அந்தக் கைப்பிடியை செட்யூஐடி நிரல் (யார் ஓட்டினாலும் அதன் உரிமையாளரின் அதிகாரத்தில் ஓடுவது) ஒன்றின் பிழை வெளியீடாகக் கொடுத்தால், எழுதுவது ரூட்டாக இருக்கும், சோதனை தேறிவிடும். ஃபைல்_என்எஸ்_கேபபிள் கோப்பைத் திறந்தவரின் சான்றுகளைப் பார்க்கும். சேஃப்செட்ஐடி இதைத்தான், முதன்மைப் பயனர் நேம்ஸ்பேஸை வைத்து, செய்கிறது.

கொள்கையை எழுதும்போது பிழை எண் 22 வருகிறது. கோப்பில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை.

பெரும்பாலும் எழுத்து துண்டுபட்டிருக்கும். முழுக் கொள்கையும் ஒரே ரைட் அழைப்பில் வர வேண்டும் என்று எதிர்பார்க்கும் கோப்புகள் பல. இரண்டாம் துண்டு வரும்போது கோப்பு இடநிலை பூஜ்யமாக இருக்காது, உடனே மறுக்கும். ஷெல்லின் உள்ளமை எக்கோ பல வரிகளை வரிக்கு ஒரு ரைட்டாக அனுப்பக்கூடும். டிடி கட்டளையில் கொள்கையின் அளவைவிடப் பெரிய தொகுதி அளவு கொடுத்து எழுதுங்கள். சிஸ்டம் கால்களைக் காட்டும் எஸ்ட்ரேஸ் கருவி வைத்துப் பார்த்தால் ஒரே ரைட் தெரிய வேண்டும்.

எழுதும் செயலை உருவாக்குகிறவர் தரப்பில்: பூஜ்யமல்லாத இடநிலையை மறுங்கள், அளவுக்கு உச்ச வரம்பு வையுங்கள், மெம்டப்_யூசர்_நல் கொண்டு நகலெடுங்கள். கடைசிப் புதுவரியை நீங்களே வெட்டுங்கள், எக்கோ அதை இயல்பாகவே சேர்க்கும். புதிய கொள்கையை முழுவதும் அலசிச் சரிபார்த்த பிறகே பழையதை மாற்றுங்கள். பாதி அலசலில் பிழை கண்டு திரும்பினால் நடப்பிலுள்ள கொள்கை தொடப்படாமல் இருக்க வேண்டும்.

படிக்கும் பக்கத்தில்?

சின்ன, மாறாத சரத்துக்கு சிம்பிள்_ரீட்_ஃப்ரம்_பஃபர். மாறக்கூடிய தரவை அப்படித் தந்தால், இரண்டு ரீட்களில் படிக்கிறவருக்கு முன்பாதி பழையதாகவும் பின்பாதி புதியதாகவும் கிடைக்கும். திறக்கும்போதே நகல் எடுத்து வையுங்கள். நீளமானவற்றுக்கு, வெளியீட்டைத் தொடராகத் தர உதவும் சீக்_ஃபைல். அதன் பஃபர் ஒரு பக்க அளவில் தொடங்கி, நிரம்பினால் இரட்டிப்பாகி, உங்கள் ஷோ செயலை மறுபடி அழைக்கும். எனவே ஷோவுக்குள் எண்ணிக்கையைக் கூட்டுவது, கொடியை அழிப்பது போன்ற பக்கவிளைவுகள் கூடாது. சிங்கிள்_ஓபன் பயன்படுத்தினால் மூடுவதற்கு சிங்கிள்_ரிலீஸ். வேறொன்றைப் போட்டால் ஒவ்வொரு திறப்புக்கும் கொஞ்சம் நினைவகம் கசியும்.

ஐஎம்ஏ கொள்கையை எழுதியதும் பாலிசி கோப்பே காணாமல் போய்விட்டது. பிழையா?

வடிவமைப்பே அதுதான். ஒருமுறை எழுதி மூடியதும், கொள்கையை மறுபடி எழுதவோ படிக்கவோ அனுமதிக்கும் அமைப்புகள் இரண்டும் இல்லையென்றால் கோப்பு நீக்கப்படும். மறுஎழுத்து அனுமதி இருந்தால் கோப்பு அப்படியே இருக்கும். படிப்பு அனுமதி மட்டும் இருந்தால் எழுதும் அனுமதி பறிக்கப்படும். ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் எழுதத் திறந்தால் பிழை எண் 16. கொள்கை வரிகளுக்குப் பதிலாகக் கோப்பின் முழுப் பாதையை எழுதினால் கெர்னலே அதைப் படித்துக்கொள்ளும். கொள்கைக் கோப்புக்குக் கையொப்பச் சோதனை வேண்டுமென்றால் இந்த வழிதான்.

கன்டெய்னருக்குள் தனிச் செக்யூரிட்டிஎஃப்எஸ் கிடைக்குமா?

கிடைக்காது. சூப்பர்பிளாக் (கோப்பமைப்பு ஒன்றைக் குறிக்கும் கெர்னல் பொருள்) ஒன்றே ஒன்று. எங்கே மவுன்ட் செய்தாலும் அதே மரம். பயனர் நேம்ஸ்பேஸுக்குள்ளிருந்து மவுன்ட் செய்ய முயன்றால் பிழை எண் 1. ஆப்ஆர்மருக்குக் கொள்கை நேம்ஸ்பேஸ்களும், டைரக்டரி உருவாக்கி நீக்கும் வசதியும் தேவைப்பட்டதால், அது 4.13-இலிருந்து தனக்குள் ஆப்ஆர்மர்எஃப்எஸ் என்ற ஒன்றை வைத்துக்கொண்டு, செக்யூரிட்டிஎஃப்எஸ்ஸில் பாலிசி என்ற மாய இணைப்பை மட்டும் காட்டுகிறது. அதைத் தொடர்ந்து போனால் வேறொரு கோப்பமைப்புக்குள் நுழைந்துவிடுவீர்கள், மேஜிக் எண்ணும் மாறிவிடும்.

கோப்பின் பெயர் பொருத்தமாக இல்லை. மாற்றலாமா?

பயனர்வெளி நிரல் ஒன்றாவது அதை நம்பியிருந்தால் பழைய பெயரும் இருந்தாக வேண்டும். ஐஎம்ஏ டைரக்டரி இன்டெக்ரிட்டி என்பதன் கீழே போனபோது, வேரில் பழைய பெயரில் ஒரு குறியிணைப்பு விட்டு வைத்தார்கள், இன்றும் இருக்கிறது. வரி வடிவமும் இதே போலத்தான். புதிய புலம் வேண்டுமென்றால் இருக்கும் வரியின் நடுவில் செருகாமல் புதிய கோப்பாக வையுங்கள், ஆவணத்தை ஏபிஐ டைரக்டரியில் அதே பேட்ச் தொகுதியிலேயே சேருங்கள்.

மாற்றத்தை அனுப்பும் முன் எப்படிச் சோதிப்பது?

கேசன் (நினைவகத் தவறுகள்), லாக்டெப் (பூட்டு வரிசைத் தவறுகள்), கேமெம்லீக் (நினைவகக் கசிவு) ஆகிய மூன்று சோதனை வசதிகளையும் இயக்கிய கெர்னலைக் கியூஎமு மெய்நிகர் கணினியில் ஓட்டுங்கள். செக்யூரிட்டிஎஃப்எஸ் இல்லாத அமைப்பிலும் ஒருமுறை கட்டிப் பாருங்கள். வெற்றுச் செயல்களின் அளவுருக்கள் பொருந்தாமல் தொகுப்பு உடைவது சர்வ சாதாரணம். ஃபெயில்ஸ்லாப் வசதியால் நினைவக ஒதுக்கீட்டை அங்கங்கே தோற்கடித்து, பின்வாங்கும் பாதையை ஓட விடுங்கள். வேறெந்த வழியிலும் அந்தப் பாதை ஓடுவதில்லை, பிழைகள் தங்குவதும் அங்கேதான். ஆனால் துவக்க இனிட்கால்களுக்குள் ஃபெயில்ஸ்லாபைக் கொண்டுவர வேண்டுமானால் அதைத் துவக்க அளவுருவாகவே கொடுக்க வேண்டும், டீபக்எஃப்எஸ் வழியாகப் பின்னர் இயக்குவது காலம் கடந்த வேலை. மாட்யூலாக இறங்கக்கூடியதென்றால், ஒரு பக்கம் கோப்பைத் திறந்து படித்து மூடும் சுழலையும் மறுபக்கம் சாதனத்தைப் பிணைத்து அவிழ்க்கும் சுழலையும் ஒரே நேரத்தில் ஓட விடுங்கள். டிபிஎம் பற்றிச் சொன்ன, திறப்பும் நீக்கமும் மோதும் பந்தயம் உங்கள் குறிமுறையில் இருந்தால் கேசன் அதைக் காட்டிவிடும்.